மந்திரம் அரிதான உலகம்: எந்த இனத்தை, எந்த கிளாஸை அனுமதிப்பது? (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, 5 பேர்)

மண்விளக்கு:
எல்லாருக்கும் வணக்கம். பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் எங்கள் கேம்பெய்ன் (தொடர்கதை ஆட்டம்) இரண்டு வருடம் ஓடி, போன மாதம் முடிந்தது. கதையை நடத்துகிற டிஎம் நான்தான். முடிந்ததே என்ற வருத்தத்தை விட நிம்மதிதான் எனக்கு அதிகம்.

கடைசிக்கு முந்தைய செஷனில், அதாவது ஒரு நாள் ஆட்டத்தில், குழுவைக் காட்டில் கொண்டு போய் விட்டேன். மழை, குளிர், பையில் சாப்பாடு தீர்ந்துவிட்டது, பின்னாலேயே ஓநாய்க் கூட்டம். அந்த ஒரு இரவுக்காக ஒரு வாரம் யோசித்து எழுதி வைத்திருந்தேன். ட்ரூயிட் (இயற்கை மந்திரக்காரர்) குட்பெரி என்ற மந்திரம் போட்டார். 10 பழம், ஒரு பழம் தின்றால் ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு முடிந்தது. விஸார்ட் (படித்துக் கற்ற மந்திரவாதி) டைனி ஹட் என்ற மந்திரக் குடிசை விரித்தார். 8 மணி நேரத்துக்கு மழையும் உள்ளே வராது, ஓநாயும் வராது. இரண்டே நிமிடம். "சரி, காலையில் என்ன நடக்குது?" என்று ஐந்து பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

அதனால் அடுத்த கேம்பெய்ன் மந்திரம் அரிதான உலகத்தில். மந்திரம் தெரிந்தவர்களைப் பற்றிப் பாட்டிமார் கதை சொல்வார்கள், கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை, அந்த அளவுக்கு. 2014 விதிப்புத்தகம்தான். இதுவரை நான் போட்டிருக்கும் பட்டியல்: இனத்தில் மனிதன், டுவார்ஃப் (மலைக்குள்ளன்), ஹாஃப்லிங் (சின்ன உருவக்காரன்), கிளாஸில், அதாவது பாத்திரத்தின் தொழிலில், பைட்டர் (சண்டைக்காரன்), ரோக் (திருடன்), பார்பேரியன் (வெறிச் சண்டைக்காரன்), மாங்க் (கைச்சண்டைத் துறவி), ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரன்). இதற்குள் ஒருத்தர் டைஃப்ளிங் (கொம்பு வைத்த இனம்) வார்லாக் (பேரம் பேசி மந்திரம் வாங்கியவர்) வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்குப் பின்கதை எழுதி அனுப்பிவிட்டார். இன்னொருத்தர் "கிளரிக் இல்லன்னா அடிபட்டா யார் பார்க்கிறது?" என்கிறார், கிளரிக் என்றால் காயம் ஆற்றும் பூசாரி. பட்டியல் சரியா? எதைச் சேர்க்கலாம், எதைத் தூக்கலாம்?

ஒண்ணுதான்விழும்:
இதில் யோசிக்க என்ன இருக்கு. ஸ்பெல், அதான் மந்திரம், போடுகிற கிளாஸ் எல்லாம் வெளியே. பார்பேரியன், பைட்டர், மாங்க், ரோக் நாலு மட்டும் உள்ளே. ரேஞ்சரையும் எடுத்துருங்க, இரண்டாவது லெவலிலேயே ஸ்பெல் வந்துரும். முடிஞ்சது.

பழையபகடை:
அவ்வளவு சுலபமாக முடியாது தம்பி. 12 கிளாஸில் 8 நேரடியாக ஸ்பெல் போடுபவை. மிச்ச நாலையும் முழுசாக நம்ப முடியாது. பைட்டரில் எல்ட்ரிச் நைட், ரோக்கில் ஆர்கேன் ட்ரிக்ஸ்டர், மாங்கில் நான்கு பூதங்களின் வழி என்று உட்பிரிவுகளின் பின்வாசல் வழியாக மந்திரம் வந்துவிடும். இந்த விளையாட்டின் வேரே அப்படி. 1974இல் முதலில் வந்தபோது இருந்த கிளாஸ் மூன்றே மூன்று. சண்டைக்காரன், மந்திரவாதி, கிளரிக். அதிலேயே இரண்டு பேர் மந்திரக்காரர்கள். திருடன் அடுத்த வருடம்தான் வந்து சேர்ந்தான். மந்திரத்தைப் பிடுங்கினால் கூரை மட்டும் போகாது, சுவரும் சேர்ந்து வரும்.

அதனால் மண்விளக்கு முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தணும். மந்திரம் "குறைவு" என்றால் என்ன குறைவு? தெரிந்த ஆட்கள் குறைவா? தெரிந்தாலும் அதன் சக்தி குறைவா? சக்தி இருந்தும், தொட்டால் பெரிய விலை கொடுக்கணுமா? மூன்றும் வேறு வேறு உலகம். முதல் வகையில் குழுவில் ஒரு மந்திரவாதி இருக்கலாம், பார்க்கிறவர்கள் மிரண்டு ஓடுவார்கள். இரண்டாம் வகையில் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்கலாம். மூன்றாம் வகையில் தெரிந்தவனே தொடப் பயப்படுவான்.

அப்புறம், நீங்கள் சொன்ன காட்டுக் கதையில் உங்களைக் கடுப்பேற்றியது மந்திரமா, பிரச்சினை காணாமல் போனதா? எனக்கென்னவோ இரண்டாவது என்றுதான் படுகிறது. பசி, இருட்டு, காயம், தூரம், சாவு. இந்த ஐந்தில் எதெல்லாம் உங்கள் மேசையில் உயிரோடு இருக்கணும் என்று முதலில் எழுதுங்கள். பட்டியலை அப்புறம் போடலாம்.

மண்விளக்கு:
அடடா, இப்படி நான் யோசிக்கவே இல்லை. ஆட்கள் குறைவு, தொட்டால் விலையும் உண்டு. முதலும் மூன்றும் கலந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் பசி, இருட்டு, காயம் மூன்றும் கட்டாயம் வேண்டும். தூரம் பரவாயில்லை, கதைக்கு ஏற்ப நான் பார்த்துக்கொள்வேன்.

நிழல்நடை:
இருட்டு வேண்டும் என்றால் கிளாஸை விட இனத்தைத்தான் முதலில் பார்க்கணும். இதைப் பல டிஎம்கள் கவனிப்பதே இல்லை.

2014 புத்தகத்தில் 9 இனம். மனிதன், ஹாஃப்லிங், டிராகன்பார்ன் மூவருக்கு மட்டும்தான் டார்க்விஷன் கிடையாது. மற்ற ஆறு பேரும் குறைந்தது 60 அடிக்கு இருட்டில் பார்ப்பார்கள். ஐந்து பேர் குழுவில் நாலு பேருக்கு அது இருந்தால் தீப்பந்தம் வாங்குகிற ஆளே இருக்க மாட்டார். குகை இருட்டாக இருக்கிறது என்று நீங்கள் எவ்வளவு அழகாகச் சொன்னாலும் "எனக்கு டார்க்விஷன் இருக்கு" என்ற ஒரு வரியில் அடங்கிவிடும்.

டார்க்விஷன் இல்லாத குழுவில் நடப்பதைப் பாருங்கள். தீப்பந்தம் 20 அடிக்கு நல்ல வெளிச்சம், அதற்கு மேல் 20 அடி மங்கல், ஒரு மணி நேரத்தில் அணைந்துவிடும். அதைப் பிடிக்க ஒரு கை போய்விடும். கேடயமா, பந்தமா? இரண்டு கை வாள் வைத்திருப்பவர் என்ன செய்வார்? 21ஆவது அடியில் நிற்கிறவனுக்கு நம்மை நன்றாகத் தெரியும், நமக்கு அவன் வெறும் நிழல். ஒரு விதியைக்கூட மாற்றாமல் இருட்டு உயிரோடு வந்து உட்கார்ந்துவிடும்.

பிறவியிலேயே வரும் மந்திரத்தையும் பாருங்கள். ஹை எல்ஃபுக்கு விஸார்ட் கேன்ட்ரிப் (எத்தனை தடவை வேண்டுமானாலும் போடும் சின்ன மந்திரம்) ஒன்று இலவசம். காட்டு நோமுக்கு மாயத்தோற்றம். ட்ரோ என்ற இருட்டு எல்ஃபுக்கு மிதக்கும் வெளிச்சம். டைஃப்ளிங்குக்கு லெவல் ஏற ஏற மூன்று. கிளாஸ் வாசலைப் பூட்டிவிட்டு இந்த ஜன்னலைத் திறந்து வைத்தால் என்ன பிரயோஜனம்?

என் வோட்டு: மனிதன், ஹாஃப்லிங், அதிகபட்சம் ஒரே ஒரு டுவார்ஃப். ஒருத்தர் கண்ணுக்கு மட்டும் தெரிவதும் ஒரு சுவைதான். ஆனால் டார்க்விஷனிலும் முழு இருட்டு மங்கல் வெளிச்சமாகத்தான் தெரியும், நிறம் தெரியாது, எல்லாம் சாம்பல். பார்த்துக் கண்டுபிடிக்கிற பகடைக்கு டிஸ்அட்வான்டேஜும் (இரண்டு உருட்டி, குறைந்ததை எடுப்பது) உண்டு. பாதி டிஎம்கள் இதை மறந்து பகல் மாதிரி நடத்திவிடுகிறார்கள்.

துருப்பிடித்தவாள்:
நான் டிஎம் இல்லை, விளையாடுகிறவன். இப்படி ஒரு "மந்திரம் குறைவு" கேமில் மாட்டி எட்டு மாதம் நொந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

எங்கள் டிஎம் ஸ்பெல் கிளாஸ் அத்தனையையும் தடை செய்தார். சரி என்றோம். ஆனால் எதிரிகளை அப்படியே புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டார். நான்காம் லெவலில் ஓநாய்மனிதன் வந்தது. சாதாரண ஆயுதத்தால் அதற்கு ஒரு கீறல்கூட விழாது, வெள்ளி பூசியது வேண்டும். ஒரு ஆயுதத்துக்கு வெள்ளி பூச 100 பொற்காசு. எங்கள் நாலு பேரிடமும் மொத்தம் 40 இருந்தது. வெள்ளி வேண்டும் என்று சொல்கிற ஒரு கிழவியைக்கூட அவர் கதையில் வைக்கவில்லை. அடுத்த மாதம் பேய். அதற்கு சாதாரண ஆயுதத்தில் பாதி அடிதான். மந்திர ஆயுதமும் கிடையாது, மந்திரமும் கிடையாது. நானும் இன்னொரு பைட்டரும் ஒன்றரை மணி நேரம் "அடிக்கிறேன்", "அடிக்கிறேன்" என்று மாறி மாறிச் சொன்னோம். ஒருத்தர் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

மந்திரத்தை எடுக்கிறீர்கள் என்றால் எதிரிப் பட்டியலையும் அதே கத்தியால் வெட்டுங்கள். பைட்டர் எடுப்பவர்களை பேட்டில் மாஸ்டர் என்ற உட்பிரிவின் பக்கம் தள்ளுங்கள். மூன்றாம் லெவலில் நாலு டி8 (எட்டு முகப்) பகடையும் மூன்று உத்தியும் கிடைக்கும், சின்ன ஓய்விலேயே பகடை திரும்ப வரும். ஆளைக் கீழே தள்ளலாம், ஆயுதத்தைத் தட்டிவிடலாம். "அடிக்கிறேன்" தவிர வாயில் வேறு ஒரு வார்த்தையாவது வரும். சாம்பியன் உட்பிரிவை எடுத்த நான் அந்த எட்டு மாதத்தில் கத்துக்கொண்டது இதுதான்.

ஒண்ணுதான்விழும்:
பேய்க்கு எதிரா நின்னு அடிக்கணும்னு யார் சொன்னா? ஓடறதும் ஒரு வழிதானே. அடிக்க முடியாததைப் பார்த்து ஓடற பயம்தான் இந்த மாதிரி உலகத்துல மஜாவே.

ஆனா மாங்க் பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆறாவது லெவலில் அவன் கைக்குத்து மந்திர ஆயுதமா கணக்காகிடும். உலகத்துலயே மந்திரம் இல்லை, இவன் முஷ்டியில மட்டும் இருக்கு!

துருப்பிடித்தவாள்:
ஓடலாம் என்று குறிப்பாவது கொடுத்திருந்தால் ஓடியிருப்போம் பாஸ். கதவைச் சாத்திவிட்டு ஓடச் சொன்னால்?

பழையபகடை:
இருவரும் சொல்வது சரி. மண்விளக்கு, உங்கள் நண்பர் கேட்ட காயக் கேள்விக்கு வருகிறேன், அதில்தான் சரக்கு அதிகம்.

கிளரிக் இல்லாமல் சமாளிக்க ஹீலர் ஃபீட் (தனித்திறமை) போதும். வைத்தியப் பெட்டி 5 பொற்காசு, 10 தடவை பயன்படும். ஒரு தடவைக்கு ஒரு டி6 உருட்டி, அதோடு 4, அதோடு அடிபட்டவரின் லெவல் அளவு ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) திரும்பும். ஒருவருக்கு ஒரு ஓய்வுக்கு ஒரு முறைதான். விழுந்து கிடப்பவரை நிலைப்படுத்தினால் 1 ஹிட் பாயின்ட்டோடு கண் விழிப்பார். வேரியன்ட் மனிதனுக்கு (மனித இனத்தின் மாற்று வடிவம்) முதல் லெவலிலேயே ஒரு ஃபீட் கிடைக்கும் என்பதால் அவனே உங்கள் வைத்தியர். ரோக்காக இருந்தால் இன்னும் நல்லது. மூன்றாம் லெவலில் தீஃப் உட்பிரிவை எடுத்தால், அதே திருப்பத்தில் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனிலேயே கட்டுப் போடலாம். ஒரு கையில் கத்தி, மறு கையில் துணிச்சுருள். எனக்குப் பிடித்த பாத்திரங்களில் இதுவும் ஒன்று.

அடுத்து ஓய்வு. வழக்கமான விதியில் ஒரு ராத்திரி தூங்கினால் ஹிட் பாயின்ட் முழுசாகத் திரும்பிவிடும். அப்படியானால் காயத்துக்கு என்ன மரியாதை? டிஎம் கையேட்டில் கிரிட்டி ரியலிசம் என்று ஒரு மாற்று இருக்கிறது. சின்ன ஓய்வு 8 மணி நேரம், பெரிய ஓய்வு 7 நாள். இதைப் போட்டால் பாதி மந்திரக்காரர்களைத் தடை செய்யவே தேவையில்லை. விஸார்டின் ஸ்பெல் வாரத்துக்கு ஒரு முறைதான் முழுசாகத் திரும்பும், அவரே கஞ்சனாகிவிடுவார். பைட்டர் தன்னையே தேற்றிக்கொள்ளும் செகண்ட் விண்ட் தினமும் வரும்.

இதில் இரண்டு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்து எழுந்தவை. பார்பேரியனின் கோபம் என்ற சக்தி பெரிய ஓய்வில்தான் திரும்பும். முதல் லெவலில் அது 2 தடவை. கிரிட்டியில் வாரத்துக்கு இரண்டே முறை கோபப்படுகிற பார்பேரியன், அதாவது சாது. சின்ன ஓய்வுக்கு ஒன்று திரும்பும் என்று வீட்டு விதி போட்டுவிடுங்கள். இரண்டாவது, வார்லாக். அவர் ஸ்பெல் சின்ன ஓய்விலேயே திரும்பும். எல்லாரும் வாரக் கணக்கில் காத்திருக்க, அவர் மட்டும் தினமும் புதுசாக எழுந்து வருவார். அந்த இரண்டு பக்கப் பின்கதையை இப்போது திரும்பவும் படியுங்கள்.

நிழல்நடை:
வார்லாக் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்பெல் எண்ணிக்கையை விடுங்கள், கேன்ட்ரிப்தான் விஷம். வார்லாக்கின் தாக்குதல் கேன்ட்ரிப்பான எல்ட்ரிச் பிளாஸ்ட்டுக்கு அளவே கிடையாது. மந்திரம் பாட்டி கதை என்கிறீர்கள், ஆனால் ஒருத்தர் ஆறு நொடிக்கு ஒரு முறை கையிலிருந்து மின்னலை விட்டுக்கொண்டிருப்பார். மூன்றாவது சண்டையில் அது வில் அம்பு மாதிரி சாதாரணமாகிவிடும். தவிர, ஒரே மந்திரக்காரர் இருக்கும் குழுவில் கதை முழுக்க அவரைச் சுற்றியே ஓடும். மற்ற நாலு பேர் அவருக்குக் கூஜா தூக்கிகள்.

வழிப்போக்கர்:
நான் எதிர்க்கட்சி. தடை செய்யாமல் விட வேண்டிய ஒரே மந்திரக் கிளாஸ் வார்லாக்தான் என்பேன்.

விஸார்ட் என்றால் பள்ளி, நூலகம், ஆசிரியர் எல்லாம் எங்கோ இருந்தாகணும். கிளரிக் என்றால் கோயிலுக்குக் கோயில் நோய் தீர்க்கிற பூசாரி இருந்தாகணும். சார்சரர் என்றால் ரத்தத்தில் மந்திரம் ஓடுகிற பரம்பரை. மந்திரம் அரிதான உலகத்தில் இவை எல்லாம் இடிக்கும். வார்லாக்குக்கு எதுவும் வேண்டாம். ஒரு இரவு, ஒரு பேரம், கேட்கக்கூடாத எதையோ கேட்ட ஒரு ஆள். மண்விளக்கு சொன்ன "தொட்டால் விலை உண்டு" என்பது இந்த கிளாஸின் உடம்பிலேயே இருக்கிறது.

ஆனால் முதல் லெவலில் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு லெவல் ரோக்காக விளையாடட்டும். பேரம் மேசையில் எல்லார் கண் முன்னாலும் நடக்கட்டும், மூன்றாவது லெவலை வார்லாக்கில் எடுக்கட்டும். மல்டிகிளாஸ் (இரண்டு கிளாஸ் கலப்பு) விதிப்படி டெக்ஸ்டெரிட்டியும் (சுறுசுறுப்பு) கரிஸ்மாவும் (வசீகரம்) 13 வேண்டும், இப்போதே சொல்லிவிடுங்கள், அப்புறம் தகராறு வரும். எல்ட்ரிச் பிளாஸ்ட்டைச் சாட்சி இருக்கும் இடத்தில் போட்டால் என்ன ஆகும் என்பதை முதல் தடவையிலேயே காட்டிவிடுங்கள். விடுதிக்காரி ஒருத்தி பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுவாள். மறுநாள் அந்த ஊரில் யாரும் இவர்களுக்குத் தண்ணீர்கூடத் தர மாட்டார்கள். அதற்கப்புறம் அவரே அளவோடு போடுவார்.

நிழல்நடை:
எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் பத்தில் எட்டு டிஎம் நாலாவது செஷனில் விடுதிக்காரியை மறந்துவிடுவார். சரி, உங்கள் மேசை, உங்கள் இஷ்டம்.

வழிப்போக்கர்:
மறக்கிற டிஎம்முக்கு இந்த மாதிரி உலகமே எதற்கு என்று கேட்க வாய் வருகிறது, கேட்கவில்லை.

பழையபகடை:
கேட்டாச்சே!

குறுவாள்_குமரி:
ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறேன், முதல் பதிவு. பசியைப் பற்றி யாரும் பேசவில்லையே? மண்விளக்கு பட்டியலில் ரேஞ்சர் இருக்கிறார். ஸ்பெல்லை முழுசாகப் பிடுங்கினாலும் அவர் பசியைக் கொன்றுவிடுவார். முதல் லெவலிலேயே, தேர்ந்தெடுத்த நிலப்பகுதியில் குழு வழி தவறாது, உணவு தேடினால் இரண்டு மடங்கு கிடைக்கும். மந்திரமே இல்லை, ஆனால் குட்பெரி செய்த வேலையேதான்.

இன்னொன்று, அவுட்லேண்டர் (காட்டுவாசி) பின்னணி, அதாவது பாத்திரத்தின் முந்தைய வாழ்க்கை. அதை எடுத்தவர் தனக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் தினமும் சாப்பாடு, தண்ணீர் தேடிக் கொண்டுவந்துவிடுவார், நிலம் அதைத் தரக்கூடியதாக இருந்தால் போதும். உங்கள் குழு ஐந்து பேர். கணக்கு பாருங்கள். பைட்டர், ரோக் யார் வேண்டுமானாலும் இதை எடுக்கலாம், யாரும் தடை செய்ய நினைப்பதே இல்லை. எங்கள் கேமில் நான்தான் அந்த அவுட்லேண்டர். டிஎம் பசி பசி என்று கத்தக் கத்த, நான் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

மண்விளக்கு:
ஐயோ. அந்த மழைக்காட்டு இரவு திரும்ப வந்திருக்கும்! நன்றி, இது என் கண்ணில் படவே இல்லை.

பழையபகடை:
அருமை. நாற்பது வருடமாகப் பகடை உருட்டுகிறவனுக்கே இது தோன்றவில்லை.

ஒரு துணுக்கு, இனத்தைப் பற்றி. 1981 அடிப்படை விதியில் டுவார்ஃப், எல்ஃப், ஹாஃப்லிங் மூன்றும் இனமாக இல்லை, கிளாஸாகவே இருந்தன. எல்ஃப் என்றாலே வாளும் மந்திரமும் சேர்ந்த ஒரு தொழில். 2024 புத்தகத்தில் ரேஸ் என்ற சொல்லே போய் ஸ்பீசிஸ் ஆகிவிட்டது, திறன் ஸ்கோர் கூட்டுவது பின்னணிக்கு மாறிவிட்டது. அதனால் உங்கள் உலகத்தில் எல்லாரும் மனிதர்கள், மலைக்காரன், ஆற்றங்கரைக்காரன், கடலோடி என்று பின்னணியில் மட்டும் வித்தியாசம் என்று வைத்தாலும் ஒன்றும் குடி முழுகாது. எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். ஆனால் விளையாடுகிறவர்களுக்குத் தாடியும் கோடாரியும் வேண்டும் என்றால் கொடுத்துவிடுங்கள், அதில் என்ன கஞ்சத்தனம்.

மண்விளக்கு:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். செஷன் ஜீரோவும் (பாத்திரம் உருவாக்கும் முன்னோட்டக் கூட்டம்) முதல் செஷனும் முடிந்தன.

பட்டியலை நான் போடவில்லை. பசி, இருட்டு, காயம் மூன்றையும் காகிதத்தில் எழுதி மேசை நடுவில் வைத்து, "இதை ஒரே வரியில் காலி பண்ணுகிற எதையும் எடுக்காதீர்கள், மிச்சம் உங்கள் விருப்பம்" என்றேன். அவர்களே ஒருவர் தாளை ஒருவர் பிடுங்கிச் சோதித்தார்கள், எனக்கு வேலையே இல்லை. கடைசியில் வந்தது: வாள் பிடித்த மனிதப் பைட்டர், வைத்தியப் பெட்டியோடு மனித ரோக், டுவார்ஃப் பார்பேரியன் (கோபத்துக்குப் பழையபகடை சொன்ன வீட்டு விதி), வில் பிடித்த ஹாஃப்லிங் பைட்டர். ஹாஃப்லிங்குக்கு நீண்ட வில் சரிப்பட்டு வராது என்று கடைசி நிமிடத்தில் தெரிந்து குறுவில்லுக்கு மாறினார், கொஞ்சம் முகம் வாடியது. டைஃப்ளிங் வார்லாக் நண்பர் இப்போது சாதாரண மனித ரோக். கரிஸ்மா 14. பேரம் எப்போது வரும் என்று தினம் ஒரு மெசேஜ் அனுப்புகிறார். கொம்பு முளைக்குமா என்றும் கேட்கிறார், யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் செஷனில் பாழுங்கிணற்றுக்குள் ஒரு சுரங்கம். கையில் மூன்று பந்தம். மூன்றாவதும் அணைந்ததும் டுவார்ஃபுக்கு மட்டும் கண் தெரியும். அவர் பார்ப்பதைச் சின்னச் சீட்டில் எழுதி அவரிடம் மட்டும் கொடுத்தேன், மற்றவர்களுக்கு அவர் வாய்ச்சொல்தான் வெளிச்சம். மூன்றாவது சீட்டைப் படித்துவிட்டு மனிதர் இரண்டு நொடி பேசவில்லை. "என்னய்யா இருக்கு, சொல்லு" என்று வில்காரர் கத்துகிறார். "சாம்பல் கலர்ல இருக்கு. நகருது. நம்ம பக்கமா."

டுவார்ஃபே விழுந்தார். வைத்தியர் இருட்டில் தடவித் தடவிக் கட்டுப் போட்டு எழுப்பினார், 1 ஹிட் பாயின்ட். அடுத்த திருப்பத்தில் மறுபடி பெட்டியைத் திறந்து டி6 உருட்டினார். எல்லாரும் எழுந்து நின்று பார்க்கிறார்கள். விழுந்தது 1. ஆக 1, 4, லெவலுக்கு 1, மொத்தம் 6. ஏற்கெனவே இருந்த 1ஐச் சேர்த்தால் 7. அந்த 7 ஹிட் பாயின்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள்.

ஒண்ணுதான்விழும்:
என் பேரை வச்சு மேசையில பகடை உருட்டினது யாரு?